பெயர் மூன்று, மருந்து ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல் மாத்திரையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒருவர் ஒரே நாளில் இப்படிச் சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமால் நான்கு வேளை, மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை மூன்று வேளை, உடம்புவலிக்கு இன்னொன்று இரண்டு வேளை. மூன்றுக்கும் நிறம் வேறு, பெயர் வேறு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் விஷயம் தெரியும். பல சளி மாத்திரைகளில் 500 மி.கி., பல வலி மாத்திரைகளில் 325 மி.கி. பாராசிட்டமால் கலந்தே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 2,600, 1,500, 650. மொத்தம் 4,750 மி.கி. உடல்நலம் உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு உச்ச அளவு 4,000தான். எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் அந்த அளவைக்கூட எட்டக் கூடாது.

இந்த மருந்தில் ஒரு பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். அதை முறிக்க குளூட்டாதயோன் என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. மருந்து அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்கும். கொடுமை என்னவென்றால், முதல் 24 மணி நேரம் லேசான குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமலே போகலாம். இந்த நச்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து உண்டு. அளவு மீறிச் சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். பிந்திப் போனாலும் கொடுப்பார்கள். அளவு தாண்டியது தெரிந்த உடனே, ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திராமல், எல்லா அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பிழை இன்னும் எளிதில் நேர்கிறது. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 120 சிரப்பில் 6 மி.லி. சரியான அளவு. பழக்கத்தில் அதே 6 மி.லி.யை 250 சிரப்பில் ஊற்றினால் இரட்டிப்பு. சொட்டு மருந்தில் ஊற்றினால் 600 மி.கி., நான்கு மடங்கு. பாட்டில் மாறும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோ போதும்.

பக்கவிளைவு என்றதும் மருந்தையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அலர்ஜிக்குத் தரும் செட்டிரிசின் தூக்கம் தரும். வண்டி ஓட்டாமல் இருந்தால் சரி. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், பயமில்லை. ஆனால் வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் தார்போல ஒட்டும் பிசுக்காக, கடும் நாற்றத்தோடு போனால், அது இரைப்பையில் கசியும் ரத்தம். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு முட்டுவது, தோலில் கொப்புளத்தோடு வாய்ப்புண் வருவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனை. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால் ஆகியவற்றைச் சின்னச் சின்னத் தொந்தரவுக்காகத் தாமாகத் திடீரென நிறுத்தினால், நிறுத்தியதே ஆபத்தாகும்.

மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது எது, எவ்வளவு மி.கி. என்று பிறகு மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தத் துண்டு இருக்கும் பக்கத்து மாத்திரையைக் கடைசியாக எடுக்கலாம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் எந்த மாத்திரையைப் பற்றி எழுதினாலும், கம்பெனி வைத்த பெயரோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்