சேர்ந்த பிறகு காணாமல் போகாதீர்கள்

கொழும்பில் இருந்து ஒன்லைனில் படிக்கும், படிக்கப்போகும் கம்பஸ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கி, ஒரு பக்கம் கம்பஸ், மறுபக்கம் ஒன்லைன் கோர்ஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஏ.எல். பெறுபேறு வந்து, அனுமதிக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருப்பவர்களும் வாசியுங்கள். அந்த இடைவெளியில்தான் பலர் முதன்முதலாக ஒரு கோர்ஸுக்குக் காசு கட்டுகிறார்கள். நான் ஒன்லைனில் பாடம் நடத்துகிறவள். ஒப்படை திருத்துவதும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் என் அன்றாட வேலை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் கண்ணில் படுகிற சில விஷயங்கள் அந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒன்லைன் கோர்ஸை இடையில் விடுகிறவர்களில் பாடம் விளங்காமல் விடுகிறவர்கள் நான் பார்த்தவரை குறைவு. பெரும்பாலானோர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். வகுப்பறை என்றால் இரண்டு நாள் வராவிட்டால் பக்கத்துக் கதிரைப் பிள்ளை கேட்கும், சேர் பெயர் கூப்பிடும்போது தெரிந்துவிடும். ஒன்லைனில் கேட்க ஆளில்லை. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் உள்ளே போகவே கூச்சமாக இருக்கும். மூன்றாம் வாரம் அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். அதோடு சரி.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கற்றல் தளம் மூடில் என்ற மென்பொருளில்தான் ஓடுகிறது. அதில் ஆசிரியர் பார்க்கும் பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: உங்கள் பெயர், அதற்கு நேரே கடைசியாக நீங்கள் எப்போது உள்ளே வந்தீர்கள் என்ற விபரம். முதல் வாரம் ‘2 நிமிடம்’, ‘3 மணித்தியாலம்’ என்று பட்டியல் முழுக்கக் கலகலவென்று இருக்கும். போகப் போக சில பெயர்களுக்கு நேரே ‘19 நாட்கள்’, ‘26 நாட்கள்’ என்று ஏறிக்கொண்டே போகும். நல்ல கேள்வி கேட்ட பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்க எனக்கு எப்போதும் மனம் கனத்துப் போகும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் என்ற ஒன்லைன் கற்றல் தளத்தில் நடத்திய இலவசப் பாடங்களின் தரவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 100க்கு 3 பேர் அளவில்தான். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு, சரி. ஆனால் சான்றிதழுக்கென்று காசு கட்டியவர்களிலேயே முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு.

ஆகவே முதல் வாரமே உங்களை யாராவது ஒருவருக்குத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். ஆசிரியருக்கு ஒரு கேள்வி எழுதுங்கள், சின்னக் கேள்வியானாலும் பரவாயில்லை. எனக்கு இரவு 11.50க்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மிஸ் சப்மிட் ஆகுதில்ல.” பெயர் இல்லை, சுட்டெண் இல்லை, எந்தப் பாடம் என்றும் இல்லை. 12 மணிக்குத் தளம் மூடிவிடும், நான் யாருக்கு என்ன செய்வது? இதையே “மிஸ், நான் இன்னார், சுட்டெண் இது, இரண்டாம் ஒப்படை. கோப்பு 12 எம்.பி. இருக்கிறது, ஏற்றும்போது இப்படி ஒரு செய்தி வருகிறது, படம் இணைத்திருக்கிறேன்” என்று எழுதினால் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். இப்படி எழுதுகிற பிள்ளையை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் கேட்பதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம், கூடப் படிக்க இரண்டு பேரைப் பிடியுங்கள். 200 பேர் உள்ள வட்ஸ்அப் குழு அறிவித்தலைப் பரப்ப உதவும், படிக்க உதவாது. மூன்று பேர் வாரம் ஒருமுறை கோலில் வந்து அந்த வாரப் பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். ஒருவர் வராவிட்டால் மற்ற இருவருக்கும் தெரியும். அந்தத் தெரிதல்தான் ஒன்லைனில் இல்லாதது. சூம் வகுப்பில் கமரா போடச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் உள்ள சட் பெட்டியிலாவது ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது நேரம். “வாரத்தில் 2 மணித்தியால சூம்தானே” என்று கணக்குப் போட்டு நாலு கோர்ஸில் சேர்கிறீர்கள். இலங்கைத் தகைமைச் சட்டகமான எஸ்.எல்.கியூ.எஃப்., பாடத்தின் அளவைச் சொல்லும் அலகான கிரெடிட் 1க்கு 50 மணித்தியாலக் கற்றலை எதிர்பார்க்கிறது. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். 3 கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம், 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 10. சூம் 2 மணித்தியாலம் என்றால் மீதி 8 எங்கே? அது கால அட்டவணையில் இருக்காது, நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த மேசை என்று எழுதிவைத்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். அறையில் சத்தம் என்றால், பதிவுசெய்த விரிவுரைகளுக்கு ஹெட்போனோடு விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள பொது நூலகத்துக்கோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ போகலாம்.

வீடியோவைப் பார்த்து முடித்தால் படித்தாயிற்று என்ற நினைப்பும் ஆளை விழுத்தும். பார்க்கும்போது எல்லாம் விளங்குகிற மாதிரித்தான் இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள். வெறும் தாளில் என்ன விளங்கியது என்று எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் சரிதான். தமிழ் மொழிமூலத்தில் ஏ.எல். படித்துவிட்டு ஆங்கிலத்தில் கம்பஸ் பாடம் கேட்பவர்களுக்கு ஒன்லைனில் ஒரு நன்மை உண்டு: விரிவுரையை நிறுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், கீழே எழுத்தை ஓடவிடலாம். கூச்சப்படாமல் செய்யுங்கள். சாட்ஜிபிடியிடம் ஒப்படையை எழுதி வாங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: அதே பாடத்தில் உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லி அதனிடம் கேளுங்கள். பரீட்சை மண்டபத்துக்கு அது கூட வராது.

இனிக் காசு விஷயம். இதில்தான் அப்பா அம்மாவின் உழைப்பு போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கோர்ஸை முடித்ததற்கான சான்றிதழ் வேறு, பட்டமோ டிப்ளோமாவோ வேறு. சான்றிதழ் உங்களுக்கு ஒரு திறமை இருப்பதைக் காட்டலாம், ஆனால் அரச வேலைக்கோ மேற்படிப்புக்கோ தகைமை கேட்கும் இடத்தில் அது அப்படியே எடுபடாது. விளம்பரத்தில் ‘டிப்ளோமா’ என்று போட்டிருந்தால், எந்த எஸ்.எல்.கியூ.எஃப். மட்டம், எத்தனை கிரெடிட், யார் வழங்குவது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும், போனில் சொல்வது போதாது. தொழிற்பயிற்சி என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று கேளுங்கள். ஒன்லைனில் படித்துப் பெறும் பட்டம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கொழும்பில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு பஸ் தூரம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நுவரெலியாவிலும் உள்ள உங்கள் நண்பர்களுக்காகவும் சேர்த்து விசாரித்து வாருங்கள். காசு கட்டிய பிறகு விசாரித்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

காசில்லாமல் படிக்கவும் வழி உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் பைதன் நிரலாக்கம், இணைய வடிவமைப்பு முதலான பாடங்கள் இலவசம். ஹார்வர்டின் சி.எஸ்.50 கணினிப் பாடமும் இலவசம்தான், முழுதாக முடித்தால் அவர்களே இலவசச் சான்றிதழும் தருகிறார்கள். இந்தியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களான ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் யூடியூப்பிலேயே கிடக்கின்றன. கோர்செரா என்ற ஒன்லைன் கோர்ஸ் தளத்தில் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏன் உதவி தேவை என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், பதில் வர நாள் எடுக்கலாம் என்பதால் முன்கூட்டியே போடுங்கள். காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் டாலரை ரூபாவாக்கிப் பாருங்கள். மாதம் 49 டாலர் என்பது, டாலர் 300 ரூபா என்று வைத்தாலும் 14,700 ரூபா. சந்தா தானாகவே அடுத்த மாதமும் கழியும். அப்பாவின் கார்ட்டைக் கொடுத்துவிட்டு கோர்ஸை மறந்தால், உங்களை மறக்காமல் இருக்கப்போவது அந்தச் சந்தா மட்டும்தான். சேர்ந்த அன்றே ரத்துசெய்யும் திகதியைப் போனில் போட்டுவையுங்கள்.

ஒப்படை கடைசி நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் ‘23.59’ என்று இருந்தால் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். உலகப் பொது நேரமான யு.டி.சி. என்றால் நமக்கு மறுநாள் காலை 5.29. மூடிலில் இன்னொரு சங்கடம்: கோப்பை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சில பாடங்களில் ஏற்றிய பிறகு ‘சப்மிட்’ பொத்தானையும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது வரைவாகவே கிடக்கும். ஒரு மாதம் உழைத்த ஒப்படை என் பக்கத்தில் ‘வரைவு’ என்று நிற்கும். அழுத்துங்கள், நிலை மாறியதா என்று பாருங்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள். இதையெல்லாம் முதல் நாளே செய்யுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம். இப்போது அந்த நிலை இல்லை, ஆனால் மழைக்கு ஒரு மரம் விழுந்தால் லேன் முழுக்க இருட்டுத்தான். லப்டொப்பில் சார்ஜ் நிரம்பியிருக்கட்டும், போன் டேட்டாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

கடைசியாக, இதை உங்கள் வீட்டாருக்கும் காட்டுங்கள். அம்மா, அப்பா, பிள்ளை போனும் கையுமாக இருப்பதைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். “சும்மா தானே இருக்கிறாய், கடைக்குப் போயிட்டு வா” என்று எழுப்பினால் பிள்ளையும் மெல்ல மெல்ல அதை வகுப்பாக நினைக்காமல் விட்டுவிடும். வகுப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்லைன் பரீட்சை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். அந்த நேரத்திலாவது வீட்டு வைஃபையில் வேறு யாரும் வீடியோ பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து ஒரு ஆசிரியை