மொரிசியஸின் மாடு நியூசிலாந்தில் மேய்கிறது

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பையன் மொரிசியஸில் வேலைக்குச் சேர்ந்து, போர்ட் லூயி பக்கத்திலேயே வீடும் பார்த்துவிட்டான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மெட்ரோ வேலைக்காக அங்கங்கே தோண்டிப் போட்டிருப்பதால் பஸ் பிடிக்கவே ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அது கிடக்கட்டும்.

"விவசாயத்தில் மொரிசியஸ் சுத்தம், ஃபிஜி மோசம், பசுமை இல்ல வாயுக் கணக்கே சொல்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். கரும்பு ஆராய்ச்சியில் தலை நரைத்த ஆள் நீ, இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லலாமா?

இரண்டையும் ஒப்பிடுவது சரிதான். இரண்டுமே நம் ஆட்களைக் கூலிகளாகக் கொண்டுபோன கரும்புத் தீவுகள். மொரிசியஸுக்கு 1834 முதல், ஃபிஜிக்கு 1879 முதல். ஃபிஜிக்கு முதலில் கல்கத்தாவிலிருந்துதான் கப்பல். 1903-க்கு அப்புறம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனது. ஆனால் நிலத்தைப் பார். மொரிசியஸ் 2,040 சதுர கிலோமீட்டர், அதில் பன்னிரண்டரை லட்சம் பேர். ஃபிஜி 18,000-க்கும் மேல், ஆட்கள் ஒன்பது லட்சத்தைச் சுற்றி. மாடு மேயப் புல் எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயக் கணக்கில் கனமான புள்ளி கரும்பு அல்ல, மாடு. அசைபோடும் வயிற்றிலிருந்து ஏப்பமாக வரும் மீத்தேன். 2006-இல் ஐபிசிசி (ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) கொடுத்த வழிகாட்டியில், ஓசியானியா பகுதியின் கறவை அல்லாத மாடு ஒன்றுக்கு வருஷத்துக்கு 60 கிலோ மீத்தேன் என்று போட்டிருக்கிறார்கள். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு என்று வைத்தால், ஒரு மாடு வருஷத்துக்குச் சுமார் 1.7 டன் கரியமில வாயுவுக்குச் சமம். உரத்தை எடுத்துக்கொள்: மண்ணில் போடும் தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது அதே வழிகாட்டியின் பொதுக் கணக்கு. நம் ஊர் 45 கிலோ யூரியா மூட்டைக்கு அதையும் கரியமில வாயுவாக மாற்றிப் பார்த்தால் 86 கிலோ அளவில் வரும். அதாவது ஒரு மாடு, இருபது மூட்டை யூரியாவுக்குச் சமம். மேய்ச்சல் மாடும், உழவு மாடும், பால் பண்ணையும் உள்ள ஃபிஜியின் கணக்கு ஏறாமல் என்ன செய்யும்?

மொரிசியஸில் மாடு குறைவு. அசைபோடுகிற பிராணி என்றால் அங்கே மான்தான் முக்கியம். 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான். இப்போது கறிக்காகப் பண்ணையில் வளர்க்கிறார்கள். மானுக்கும் கணக்கு உண்டு, வருஷத்துக்கு 20 கிலோ மீத்தேன். சரி, அப்போது பாலுக்கு என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் பால் பவுடர், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கமிருந்து. அந்த மாட்டின் ஏப்பம் எந்த நாட்டில் வெளியேறுகிறதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். குடிக்கிறவன் கணக்கில் ஏறாது. ஐநாவின் விதியே அப்படி. மொரிசியஸ் விவசாயத்தின் சுத்தத்தில் ஒரு பகுதி, வாங்கிச் சாப்பிடுவதால் வந்த சுத்தம்.

அடுத்தது சதவீதம். மொரிசியஸ் மின்சாரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிறது. கரும்பு அரவைக் காலத்தில் சக்கை எரியும் அதே கொதிகலனில் மற்ற மாதங்களில் நிலக்கரி எரியும். மொத்தமே பெரிதாக இருப்பதால் அதில் விவசாயத்தின் பங்கு சுண்டைக்காயாகத் தெரிகிறது. ஃபிஜியில் 1980-களில் கட்டிய மொனசாவு அணை முதல் நீர்மின்சாரம் நிறைய உண்டு. எரிசக்திப் பக்கம் இளைத்தால் விவசாயப் பக்கம் பருத்துத்தான் தெரியும். சதவீதத்தை வைத்து விவசாயியைத் திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபிஜியிலும் குறை இல்லாமல் இல்லை. வெட்டுக்கு முன் கரும்புக்குத் தீ வைக்கும் பழக்கம் அங்கே ஓயவில்லை. எரிந்த கரும்புக்கு ஆலை விலையைக் குறைத்தாலும் வைக்கிறார்கள், வெட்ட ஆள் கிடைக்காததால். பழங்குடிகளின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர்களுக்கு 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கின. பலர் கரும்பையே விட்டுவிட்டுப் போனார்கள். 2016-இல் வின்ஸ்டன் புயலில் ராக்கிராக்கி ஆலை சேதமாகி மூடியே போனது. கரும்பு குறைந்ததால் உரம் குறைந்து வாயுவும் கொஞ்சம் குறைந்திருக்கும். அதைச் சாதனை என்று எந்த விவசாயியிடம் போய்ச் சொல்வது? மொரிசியஸிலும் கரும்பு நிலம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது, அங்கே சில இடங்களில் வீட்டு மனையாக.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வெளியேற்றக் கணக்குக்குப் பக்கத்திலேயே உணவு இறக்குமதிக் கணக்கையும் வைத்துப் பார்க்காமல் இந்த இரண்டு தீவுகளையும் தராசில் ஏற்றக் கூடாது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். பதில் நீளமாக எழுது.

பையனிடம் சொல்லி, அங்கே கடையில் இருக்கும் பால் பவுடர் டின்களில் எந்தெந்த நாட்டுப் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல். அப்புறம், மார்கழிக் கச்சேரிக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்