நாமக்கல் மண்ணு நிலாவுக்குப் போகலீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல நிலா ஆராய்ச்சி பத்தி ரெண்டு பக்கம் வந்துச்சே, ஒரு வரி விடாம படிச்சேன். 1609ல கலிலியோ டெலஸ்கோப்புல பாத்ததுல ஆரம்பிச்சு, 1959ல ரஷ்யாக்காரங்களோட லூனா 3 நிலாவோட பின்பக்கத்தை மொதமொத போட்டோ எடுத்தது, 1969 அப்போலோ 11, நம்ம சந்திரயான் வரைக்கும் நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா கடைசியில கட்டம் கட்டி 'நிலாவுக்குப் போன நாமக்கல் மண்'னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கடிதம். அந்த மண்ணு நிலாவுக்குப் போகவே இல்லீங்க. 2023ல இருந்து வாட்ஸ்அப்ல இது சுத்திட்டு இருக்குது, பேப்பர்லயும் வந்துட்டா எங்கூர்ப் பசங்க பரீட்சையிலயே எழுதிருவாங்க. நெசமா நடந்தது இதைவிடப் பெருசு, அதை யாருமே முழுசா சொல்ல மாட்டேங்கறாங்கன்னுதான் எனக்கு ஆதங்கம்.

நான் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்துக்காரன். சித்தம்பூண்டி, குன்னமலை ரெண்டும் எங்களுக்குக் கூப்பிடு தூரம் மாதிரிதான். அங்க காட்டுக்குள்ள வெள்ளையா, ஊடால கருப்புப் புள்ளி விழுந்த கல்லு கெடக்கும். எங்க அப்பிச்சி வேலியோரம் அதைத்தான் அடுக்கி வெச்சிருந்தாரு, லீவுல போனா அதுமேல உக்காந்துதான் தூக்குப்போசியத் தொறந்து சோறு திம்போம். அதுக்கு அனார்த்தோசைட்னு ஒரு பேரு இருக்குது, 250 கோடி வருசப் பழசுன்னெல்லாம் தெரிஞ்சதே காலேஜுக்குப் போனப்புறம்தான்.

இப்ப நிலாவுக்கு வருவோம். பவுர்ணமியன்னைக்குப் பாத்தா ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்புத் திட்டு. பாட்டி வடை சுடறாங்கன்னு கொழந்தைங்களுக்குக் காட்டுவோமே அந்தக் கருப்பு, எரிமலைக் கொழம்பு ஓடி எறுகிப்போன பசால்ட் பாறை. ஆம்ஸ்ட்ராங் எறங்குனது அந்தக் கருப்புலதான். கெளம்பற நேரத்துல கல்லு வெச்ச பொட்டியப் பாத்திருக்காரு, இன்னும் எடம் காலியா இருக்கேன்னு பக்கத்துல இருந்த மண்ணை ஒம்போது தடவை அள்ளிக் கொட்டி ரொப்பியிருக்காரு. அந்தப் பொட்டி மண்ணை ஜான் வுட்னு ஒரு விஞ்ஞானியும் அவர் கூட்டாளிங்களும் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பிரிச்சுப் பாத்தா, கருப்புத் துண்டுங்களுக்கு நடுவுல நூத்துக்கு நாலஞ்சு வெள்ளையா இருந்துச்சாம், அரிசிக் குருணை மாதிரி. அனார்த்தோசைட்!

கருப்பு மண்ணுல வெள்ளைக் கல்லுக்கு என்ன வேலை? தூரத்துல இருக்கற வெள்ளை மேட்டுல விண்கல்லு மோதி அங்கிருந்து தெறிச்சு வந்திருக்கணும், அப்படின்னா அந்த மேடெல்லாம் அனார்த்தோசைட்டாதான் இருக்கணும், அது அப்படி மேல சேரணும்னா ஒரு காலத்துல நிலாவே உருகிக் கொழம்பா கெடந்து, பால்ல ஏடு கட்டற மாதிரி லேசான கல்லு மெதந்து மேல வந்து, கனமானது அடியில தங்கியிருக்கணும்னு 1970 ஜனவரியில ஹூஸ்டன்ல நடந்த கூட்டத்துல சொன்னாங்க. நாலு வெள்ளைத் துண்டை வெச்சு ஒரு நிலாவோட பொறப்பையே சொன்னாங்கன்னா பாத்துக்குங்க. நான் படிச்சதுலயே இதுக்கு மேல ஒரு கண்டுபுடிப்ப வெக்க எனக்கு மனசு வரலீங்க.

அடுத்த வருசம் 1971 ஆகஸ்ட் 1ம் தேதி அப்போலோ 15ல போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர்ங்கற பள்ளத்தோரம் ஒரு வெள்ளைக் கல்லு தனியா மேடைமேல வெச்ச மாதிரி இருக்கறதைப் பாத்தாங்க. பாத்த மாத்திரத்துல என்ன கல்லுன்னு தெரிஞ்சிருச்சு. ஏன்னா லீ சில்வர்ங்கற வாத்தியார் அவங்களைப் போறதுக்கு முன்னாடியே காடு மேடெல்லாம் கூட்டிட்டுப் போயி, கலிபோர்னியா சான் கேப்ரியல் மலையில இதே ஜாதிக் கல்லைக் காட்டிப் பழக்கியிருந்தாரு. கால் கிலோ சொச்சம்தான் அந்தக் கல்லு, 400 கோடி வருசத்துக்கும் மேல பழசு, ஜெனிசிஸ் ராக்னு இன்னைக்கும் பேரு.

அவங்களுக்குச் சான் கேப்ரியல் என்னவோ அதுதாங்க நம்ம சந்திரயானுக்குச் சித்தம்பூண்டி. நம்ம லேண்டர் எறங்க வேண்டியது தென்துருவத்துப் பக்கம், அது வெள்ளை மேட்டு நிலம். அதை இங்கயே சோதிச்சுப் பாக்கறதுக்கு அதே மாதிரி மண்ணு டன் கணக்குல வேணும். அமெரிக்காவுல இருந்த செயற்கை நிலா மண்ணு விலையும் கட்டுபடியாகாது, அது கருப்பு மண்ணு மாதிரி செஞ்சதும்கூட. அப்பதான் சேலம் பெரியார் யுனிவர்சிட்டி ஜியாலஜிக்காரங்க உதவியோட எங்க பக்கத்துக் கல்லை எடுத்து அரைச்சு, சலிச்சு, பொடியோட அளவெல்லாம் நிலா மண்ணுக்கு ஒத்து வர்ற மாதிரி கலந்து, அம்பது டன்னுக்குக் கிட்ட பெங்களூருக்கு அனுப்புனாங்க. அங்க ஹாலுக்குள்ள பரப்பி, நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதானே, அதுக்காக ரோவர் வண்டியை ஹீலியம் பலூன்ல கட்டித் தூக்கி வெச்சு ஓட்டிப் பாத்தாங்க. அந்த மண்ணு செய்யற முறைக்கு இஸ்ரோ 2020ல பேடன்ட்டும் வாங்கிருச்சு. மண்ணு பெங்களூரோட சரி, மேல போகல. மேல போனது அந்த மண்ணுல ஓடிப் பழகுன சக்கரம்.

2019 செப்டம்பர்ல சந்திரயான் 2ஓட விக்ரம் லேண்டர் விழுந்தப்ப எங்கூட்ல யாரும் சரியா தூங்கல. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிசத்துக்கு சந்திரயான் 3 எறங்குச்சுன்னதும் தெருவே கத்துச்சு, அதோட எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டாங்க, உங்க கட்டுரையும் அங்கயே நின்னுருச்சு. ஆனா அதுக்கப்புறம்தான் முக்கியமானதே. 26 கிலோ பிரக்யான் ரோவர் நூறு மீட்டர் சொச்சம் ஊர்ந்து போயி 23 எடத்துல மண்ணைச் சோதிச்சுது. 2024 ஆகஸ்ட்ல நேச்சர் பத்திரிகையில முடிவு வந்துச்சு, அங்க இருக்கறது பெரும்பாலும் அனார்த்தோசைட் வகை, உருகிக் கெடந்த நிலாங்கற கணக்குக்குப் பொருந்துதுன்னு. ஆம்ஸ்ட்ராங் பொட்டியில கெடந்த குருணையில ஆரம்பிச்ச கேள்விக்கு, 54 வருசங்கழிச்சு யாருமே போகாத தென்பக்கத்துல இருந்து சாட்சி சொன்னது நம்ம வண்டி.

அதனால அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, முடிஞ்சா இந்தக் கல்லுக்குன்னே தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க. போட்டோ வேணும்னா உங்க நிருபரை பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கச் சொல்லுங்க, கல்லு கெடக்கற காட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
பரமத்தி வேலூர் வாசகர்