இரண்டு விரற்கடை உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீண்ட பயணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, கரடுமுரடான பாதையிலும் ஓடும் ‘அட்வென்ச்சர்’ ரக பைக்கை வாங்கிவிடலாம் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வயது 57, உயரம் 165 சென்டிமீட்டர். எழுதியவர் என்னைவிட ஒரு சாணாவது உயரமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

நானும் அந்த ரகத்தைத்தான் வாங்கி நான்கு வருடம் ஓட்டினேன். ஒருநாள் பெட்டிகள் நிறைய சாமான், பின்னால் மனைவி. சரளைக்கல் கிடந்த ஒரு சரிவில் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். தரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ந்தது. ஓடும்போது ஒருநாளும் விழாத வண்டி, நிற்கும்போது விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. மனைவி மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்து, “ஏறுறதுக்கு எனக்கு ஏணி, நிறுத்துறதுக்கு உங்களுக்கு முக்காலி. ரெண்டையும் பெட்டியில வெச்சுக்கலாமா?” என்றாள்.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். பிஎம்டபிள்யூவின் ஆர் 1250 ஜிஎஸ் என்பது அட்வென்ச்சர் ரகம்; ஆர் 1250 ஆர்டி என்பது தார்ச்சாலைக்கான டூரர், அதாவது நீண்ட பயண பைக். இரண்டிலும் அதே 1254 சிசி இன்ஜின், அதே 136 குதிரைத்திறன். ஆனால் சாதாரண இருக்கையின் உயரம் ஜிஎஸ்ஸில் 850 மில்லிமீட்டர், ஆர்டியில் 805. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு விரற்கடைதான். எனக்கோ அது பாதம் முழுதாகப் பதிவதா, விரல் நுனி மட்டும் தொடுவதா என்கிற விஷயம்.

அந்த உயரம் சும்மா வரவில்லை. கல்லும் பள்ளமும் தாண்ட சஸ்பென்ஷன் நிறைய ஏறி இறங்க வேண்டும். ஜிஎஸ்ஸின் முன்புறத்தில் அந்த ஏற்ற இறக்கம் 190 மில்லிமீட்டர். ஆர்டியில் 120 போதும். ஜிஎஸ்ஸோ 1980-ல் வந்த ஆர்80 ஜி/எஸ்ஸின் வாரிசு. அந்த மூதாதையின் பந்தய வடிவம் மறுவருடமே பாரிஸ்–டக்கார் ராலியை வென்றது. பாலைவனம் தாண்டிய பரம்பரைக்கு அந்த உயரம் நியாயம். நான் நான்கு வருடத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கியது இரண்டே முறை. இரண்டு முறையும் வழி தவறி!

தாழ்வான இருக்கை மாட்டலாமே என்பார்கள். மாட்டினேன். மெத்தை மெலிந்து, முழங்கால் கூடுதலாக மடங்கி, 100 கிலோமீட்டரிலேயே இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஓட்டுவது தார்ச்சாலை ரகம். குறை இல்லாமல் இல்லை. இந்த ரகம் பொதுவாகக் கனம். ஆர்டியே ஜிஎஸ்ஸைவிட 30 கிலோ அதிகம். பின்னோக்கித் தள்ளும்போது மூச்சு வாங்குகிறது. நெரிசலில் ஊர்ந்தால் காற்றைத் தடுக்கும் அகலமான முன்புற உறையான ஃபேரிங்குக்குள் வெக்கை தேங்கிக் காலைச் சுடுகிறது. ஆனால் நாள் முழுக்க எதிர்க்காற்றில் ஓட்டிய இரவிலும் காதில் இரைச்சல் இல்லை. மழையில் முழங்கால்கூட அவ்வளவாக நனைவதில்லை. மனைவி என் தோளைப் பிடிக்காமலே ஏறிக்கொள்கிறாள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை டூரிங் பைக்கை ஓட்டிப் பார்க்க ஆள் அனுப்பும்போது, பெட்டிகளை நிரப்பி, பின்னால் ஒருவரையும் உட்கார வைத்து அனுப்புங்கள். அவரிடமும் நாலு வரி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்