இருட்டும் வரை ஆடியவர்கள்

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மாவும் நானும் வெகுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம். "மூணு வருஷம் ஓடிப்போச்சுப்பா. அந்தப் புரதத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல" என்று நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. உன் ஆய்வைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் மே 1 வருகிறது. அந்தத் தேதியைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.

சின்ன வயதில் ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயில் ஏறி ஓக்லண்ட் கொலிசியத்துக்குப் போகும்போதெல்லாம் "மே 1 கதை சொல்லுப்பா" என்று கேட்பாய். நான் ஓக்லண்ட் ஏஸ் அணி வீரர் ரிக்கி ஹெண்டர்சன் கதையைச் சொல்வேன். அந்தத் தேதியில் பேஸ்பாலில் இன்னும் எத்தனையோ நடந்திருக்கிறது என்று அப்போது எனக்கே தெரியாது. ஒவ்வொன்றாகப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முழுக் கதையை இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் நான் கண்ணால் பார்த்தது. 1991. நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். அம்மா இன்னும் விசா கிடைக்காமல் பாளையங்கோட்டையில் இருந்தாள். எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் போராடியவர்களின் நினைவாக பல நாடுகள் மே 1 கொண்டாடுகின்றன, இங்கே அன்றைக்கு விடுமுறை இல்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் டிக்கெட் கொடுத்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதுதான் நான் பார்த்த முதல் ஆட்டம்.

நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஆட்டம். மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, அடிக்கும் இடமான ஹோமுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். நான்காவது இன்னிங்ஸில் ரிக்கி இரண்டாவது பேஸில் நின்றார். பந்து வீசும் பிட்சர் டிம் லியரி. அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், எதற்கென்று தெரியாமல் நானும் நின்றேன். பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும்போது ரிக்கி பாதி வழி போயிருந்தார். மூன்றாவது பேஸில் தலை முன்னே போகப் பாய்ந்து விழுந்தார். அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் எறிந்த பந்தால் அவரைப் பிடிக்க முடியவில்லை. அது அவருடைய 939-வது பேஸ் திருட்டு. அதுவரை 938 திருட்டுகளோடு முதலிடத்தில் இருந்த லூ பிராக் அன்றைக்கு மைதானத்துக்கே வந்திருந்தார். ரிக்கி அந்த மூன்றாவது பேஸைத் தரையிலிருந்து பிடுங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அப்புறம் மைக்கில், பேஸ் திருட்டின் அடையாளம் லூ பிராக், ஆனால் இன்றைக்கு எல்லாக் காலத்திலும் பெரியவன் நான்தான் என்று சொன்னார்.

அதைத் திமிர் என்று பலர் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஓக்லண்டிலேயே வளர்ந்து, ஓக்லண்ட் டெக் பள்ளியில் படித்த பையன், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் நின்று சந்தோஷப்பட்டுச் சொன்னது அது. சொன்னதும் உண்மைதான்.

உன் தாத்தாவுக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன். "திருடியதற்கா கை தட்டினார்கள்?" என்று கேட்டுப் பதில் போட்டார். பிட்சர் பந்தை எறியும்போது, அடிப்பவர் அடிக்கும்வரை காத்திருக்காமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிட வேண்டும், மூன்று வினாடி சொச்சத்தில் போய்ச் சேர வேண்டும் என்று நான்கு பக்கம் விளக்கி எழுதினேன். கபடி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று எழுதியதும்தான் அவருக்குப் புரிந்தது.

ரிக்கி ஆட்டத்தை விடும்போது கணக்கு 1406. இன்றுவரை யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் ஓடி மாட்டிக்கொண்டது 335 தடவை. அதிலும் அவருக்குத்தான் முதலிடம். 1406-ஐ எல்லோரும் சொல்வார்கள், 335-ஐ நான் உனக்குச் சொன்னதே இல்லை. அந்த இரண்டு எண்ணும் ஒரே காலின் ஓட்டத்தில் வந்தவை.

அன்று இரவு அறைக்கு வந்து டிவியைப் போட்டால் வேறு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் நோலன் ரயன், 44 வயதில், டொராண்டோ அணியில் ஒருவரையும் பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேரவிடாமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், முழு ஆட்டத்தையும் வீசி முடித்திருந்தார். நோ-ஹிட்டர். அவருடைய ஏழாவது. பதினாறு பேரைப் பந்தை அடித்து ஆடவிடாமலே ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார். கடைசியாக அவுட் ஆனவர் ராபர்டோ அலோமர். 1973-இல் ரயன் தன் முதல் இரண்டு நோ-ஹிட்டர்களை வீசியபோது அவர் அணியில் இரண்டாவது பேஸில் நின்றவர் சாண்டி அலோமர். அந்த சாண்டியின் மகன்தான் இந்த ராபர்டோ. பழைய தோழனின் மகனை அவுட் ஆக்கி முடித்தார் மனிதர். மறுநாள் ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் ரயனைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு ரிக்கிக்காக மனசு அடித்துக்கொண்டது.

ஒரே தேதியில் இரண்டு பெரிய விஷயம் நடப்பது மே 1-க்குப் புதிதில்லை. 1951-இல் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் ஒரே ஆட்டத்தில் இரண்டு நடந்தது. மின்னி மின்யோசோ, கியூபாக்காரர், முந்தின நாள்தான் கிளீவ்லண்ட் அணியிலிருந்து மாறி வந்தவர். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரர். அந்த அணிக்காக முதல் தடவை மட்டை பிடித்ததிலேயே பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தார். அதே ஆட்டத்தில் யாங்கீஸுக்காக 19 வயதுப் பையன் மிக்கி மேன்டில், இங்கே பேஸ்பாலின் உச்ச மட்டமான பெரிய லீக்கில், தன் முதல் ஹோம் ரனை அடித்தார். யாங்கீஸ்தான் ஜெயித்தது. மேன்டில் 1974-இலேயே பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். மின்யோசோவுக்கு அந்த இடம் 2022-இல் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2015-இலேயே இறந்துவிட்டார். தாமதமானாலும் கிடைத்ததே என்று உனக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. அது அநியாயம், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய அநியாயம் 1884-இல் தொடங்குகிறது. அந்த மே 1 அன்று கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் டொலீடோ அணியின் கேட்சராக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் இறங்கினார். தான் கறுப்பர் என்பதை மறைக்காமல் பெரிய லீக்கில் ஆடிய முதல் வீரர் அவர். ஒபர்லின் கல்லூரியில் படித்தவர். 1881-இல் வேறு ஓர் அணியோடு வந்தபோது இதே லூயிவில்லில்தான் அவரை ஆட விடமாட்டோம் என்று தடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அதே ஊரில் முதல் ஆட்டம். அன்றைக்கு அவருக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை, அணியும் 5-1 என்று தோற்றது. அவர் அணியிலேயே பிட்சராக இருந்த டோனி மல்லேன் பின்னாளில் ஒன்றை ஒப்புக்கொண்டார்: தான் பார்த்ததிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான், ஆனால் கறுப்பர் என்பதால் பிடிக்காமல், அவர் காட்டிய சைகையை மதிக்காமல் இஷ்டத்துக்கு வீசினாராம். என்ன பந்து வரும் என்று தெரியாமலே அதைப் பிடிக்க வேண்டிய நிலையை நினைத்துப் பார். அந்தக் காலத்தில் இப்போதிருக்கிற மாதிரி கையுறையும் கிடையாது. 42 ஆட்டம், ஒரே ஒரு சீசன். அதன் பிறகு கதவை மூடிவிட்டார்கள். 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை.

சரி, நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான ஆட்டத்துக்கு வருகிறேன். அது நடந்தது உன் ஊரில்.

1920 மே 1, சனிக்கிழமை, பாஸ்டன், பிரேவ்ஸ் ஃபீல்ட். புரூக்ளின் ராபின்ஸ் அணிக்கு லியோன் கடோர் பந்து வீசினார், பாஸ்டன் பிரேவ்ஸுக்கு ஜோ ஓஷ்கர். ஓஷ்கர் நம் பக்கத்து ஆள், செயின்ட் மேரிஸ் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி அப்போது ஓக்லண்டில்தான் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் புரூக்ளின் ஒரு ரன் எடுத்தது. ஆறாவதில் பாஸ்டன் ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு இருபது இன்னிங்ஸ் யாருக்கும் ஒரு ரன் கிடைக்கவில்லை.

ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் பத்து, பதினைந்து என்று போய்க்கொண்டே இருந்தது. பதினேழாவதில் புரூக்ளினுக்கு மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள், ஒரே ஓர் அவுட். அடித்த பந்து நேரே ஓஷ்கர் கைக்கு வந்தது, ஹோமுக்கு எறிந்தார், ஒருவர் அவுட். கேட்சர் ஹாங்க் கௌடி முதல் பேஸுக்கு எறிந்தபோது அங்கே பந்து கை நழுவியது. அந்தச் சந்தில் கோனெட்சி என்ற புரூக்ளின்காரர் ஹோமை நோக்கி ஓடினார். பந்து திரும்ப வந்ததும் கௌடி குறுக்கே பாய்ந்து விழுந்து அவரைத் தொட்டார். ஒரு சாண் தூரத்தில் போனது ஆட்டம். மறுபடியும் சமன்.

இருபத்தாறாவது முடிந்தபோது வெளிச்சம் போய்விட்டது. அந்தக் காலத்தில் மைதானங்களில் விளக்கு இல்லை. பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டமே 1935-இல்தான் நடந்தது. அம்பயர் மக்கார்மிக் போதும் என்று நிறுத்தினார். புரூக்ளினின் ஐவி ஓல்சன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, இன்னும் ஓர் இன்னிங்ஸ், ஒன்றே ஒன்று என்று கேட்டாராம். இருபத்தேழு ஆகிவிட்டால் மூன்று முழு ஆட்டம் ஆடினோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் ஆசை. அம்பயர் விடவில்லை. 1-1, சமன். மூன்று மணி ஐம்பது நிமிடம். பெரிய லீக்கில் அதற்கு மேல் இன்னிங்ஸ் போன ஆட்டம் இன்றுவரை இல்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, இரண்டு பக்கமும் பிட்சரை மாற்றவில்லை என்பது. கடோர் இருபத்தாறு, ஓஷ்கர் இருபத்தாறு. இன்றைக்கு ஒருவர் ஒன்பது இன்னிங்ஸ் வீசினாலே செய்தி. கடோருக்கு அதற்குப் பிறகு மூன்று நாள் தலை சீவக் கை தூக்க முடியவில்லையாம். இனி இப்படி ஓர் ஆட்டம் வரவும் வராது. 2020 முதல், வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மா கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அணிகளின் வெற்றிக் கணக்கில் அந்த ஆட்டம் இல்லை. தோல்விக் கணக்கிலும் இல்லை. புரூக்ளினுக்கு அடுத்த நாள் 13 இன்னிங்ஸ், தோல்வி. அதற்கடுத்த நாள் பாஸ்டனுக்கே திரும்பி வந்து 19 இன்னிங்ஸ், அதிலும் தோல்வி. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ், ஒரு வெற்றி இல்லை. ஆனால் கடோரும் ஓஷ்கரும் வீசிய ஒவ்வொரு இன்னிங்ஸும் அவரவர் பெயரில் பதிவாகி இருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை. ஓஷ்கர் அடுத்த வருஷம் 20 ஆட்டம் ஜெயித்தார்.

அன்றைக்கே நியூயார்க்கில் பேப் ரூத் யாங்கீஸ் வீரராகத் தன் முதல் ஹோம் ரனை அடித்தார், அதுவும் தன்னை விற்றுவிட்ட பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக. 1920 மே 1 என்றால் ரூத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ரூத்தைப் பிடிக்கும். ஆனால் அந்தத் தேதியில் ஒன்றே ஒன்றை நேரில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், நான் ரிக்கியைக்கூட விட்டுவிட்டு பிரேவ்ஸ் ஃபீல்டில்தான் போய் உட்காருவேன்.

நீ தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருந்தால் உன்னைப் பற்றி எனக்குப் பெருமை கூடியிருக்காது. இல்லை என்று எழுதியிருந்தால் குறைந்திருக்காது. ராத்திரி பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பி, பஸ்ஸுக்கு நின்றபடி அம்மாவோடு பேசுவாயே, அத்தனை இரவும் எனக்குத் தெரியும். இருப்பதை இருப்பதாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் எழுதிக் கொடு. உன் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று அப்புறம் பார்க்கலாம்.

இப்போது நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். ரிக்கி 2024 டிசம்பரில் போய்விட்டார். அந்த வருஷமே ஏஸ் அணியும் ஓக்லண்டை விட்டுப் போய்விட்டது. மே 1 அன்று நான் போய் உட்கார இங்கே இடம் இல்லை. உனக்கு இருக்கிறது. பிரேவ்ஸ் ஃபீல்டை முழுவதும் இடித்துவிடவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகம் அதை வாங்கி நிக்கர்சன் ஃபீல்ட் ஆக்கியது. ரைட் ஃபீல்ட் பக்கத்துப் பழைய காலரி அப்படியே நிற்கிறது. டிக்கெட் கொடுத்த கட்டடத்தில் இப்போது பல்கலைக்கழகப் போலீஸ் இருக்கிறது. காமன்வெல்த் அவென்யூ வழியாகப் போகும் பச்சை லைன் டிராமில் பாப்காக் தெருவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

சாயங்காலம் போ. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், மேயிலும் உங்கள் ஊரில் குளிர் விடாது. அம்மா பருப்புப் பொடியும் முறுக்கும் பார்சல் அனுப்பியிருக்கிறாள், அதற்குள் வந்துவிடும், முறுக்கைக் கையோடு கொண்டுபோ. அந்தக் காலரியில் உட்கார்ந்ததும் எனக்குப் போன் பண்ணு. இருட்டும் வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
அப்பா