பழைய தட்டு எல்லாம் பொன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது, பரணில் தேடினால் பணம் கொட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். "நீங்க வித்தீங்களே அக்கா, எவ்வளவு வந்தது?" அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் கணவர் வங்கியில் காசாளராக இருந்தவர். சம்பளத்தன்று சென்ட்ரல் பக்கம் இறங்கி, பழைய சாமான் விற்கிற மூர் மார்க்கெட்டில் தட்டு தேடி ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. தை பிறந்ததும் பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானபோது 212 எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு), நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்து '78 தட்டு' நாற்பது சொச்சம், ஒரு பீரோ நிறையக் கேசட் எனக்காகக் காத்திருந்தன.

முதலில் வந்த வியாபாரி கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீட்டுக்கட்டைப் பிரிப்பது போல உறைகளைத் தள்ளிக்கொண்டே போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கை நாலு இடத்தில் நின்றது. அந்த நாலையும் சத்தமில்லாமல் முழங்காலுக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்தார். கடைசியில், "எல்லாம் சேர்த்து எட்டாயிரம் தரேம்மா. எடைக்குப் போட்டா இதுகூட வராது" என்றார். "அந்த நாலை வெச்சிட்டு மீதியை எடுத்துக்கங்க" என்றேன். மீதிக்கு ஆயிரத்தைந்நூறு என்றார்! காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த நாலும் நாற்பதுகளில் வந்த அபூர்வத் தட்டுகள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. எண்பதுகளின் பின்பாதியில் வந்த இளையராஜா படப்பாட்டு எல்.பி.கள். அதற்குள் கேசட் ஊரையே வளைத்துப் போட்டிருந்தது. தட்டு வாங்க ஆள் குறைந்ததால் கம்பெனிகளும் கொஞ்சமாகத்தான் அடித்தன. இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள். எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி.யில் 1963-ல் வந்தது. எங்கள் வீட்டிலேயே மூன்று இருந்தன: மாமியாருடையது, எங்களுடையது, யாரோ இரவல் கொடுத்துத் திருப்பிக் கேட்காமல் விட்டது. மூன்றையும் ஒருவரும் சீந்தவில்லை. எல்லார் வீட்டிலும் இருப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

78 தட்டுகள் கதை வேறு. அரக்கில் செய்தது, ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது விதி. என் மாமனார் சிக்கனக்காரர், ஒரே ஊசியை வாரம் முழுக்க ஓட்டுவார். இன்று தியாகராஜ பாகவதரைப் போட்டால் கடலை வறுக்கிற சத்தத்துக்குப் பின்னாலிருந்து பாடுகிறார்.

பேத்தி லீவுக்கு வந்தபோது ஒரு நோட்டுப் போட்டு உட்கார்ந்தோம். கம்பெனி பெயர், தட்டு எண், நடு லேபிளை ஒட்டிப் பாட்டு இல்லாத வளையத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் இன்னொரு எண், உறையின் நிலைமை, எல்லாவற்றையும் எழுதினோம். டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் ஊசியிலும் தட்டுப்படும். வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் துடைத்தால் போய்விட்டது. மொட்டைமாடிச் சூடு இறங்கும் பரணில் படுக்கப்போட்டு அடுக்கியதில் வளைந்த முப்பது தட்டு மட்டும் போனது போனதுதான். நிற்க வைத்திருக்க வேண்டும். அப்போது யாருக்குத் தெரியும்?

அப்புறம் பேத்தி டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தைக் காட்டினாள். அதில் கேட்கிற விலையும் இருக்கிறது, விற்ற விலையும் இருக்கிறது. கேட்கிற விலையைப் பார்த்து நான் ஒரு ராத்திரி பணக்காரியாக இருந்தேன். விற்ற விலையைப் பார்த்ததும் தூக்கம் வந்தது. கடைசியில் அந்த நாலும் தனியாக ஒன்பதாயிரத்துக்கும், இன்னொரு தொண்ணூறு தட்டு ஆறாயிரத்துக்கும் போயின. இரண்டு மாத வேலைக்குப் பதினைந்தாயிரம். லட்சம் எல்லாம் இல்லை.

ஒன்றை மட்டும் விற்கவில்லை. உறையின் மூலையில் பேனாவால் "1.9.84, மூர் மார்க்கெட், ரூ.15" என்று அவர் எழுதி வைத்திருந்தார். வாங்க வந்த பையன் உச்சுக்கொட்டி, எழுத்து இருப்பதால் இருநூறு குறைக்கச் சொன்னான். அவன் கணக்கு சரிதான், உறையில் கிறுக்கல் இருந்தால் விலை இறங்கும். அடுத்த வருடம் மே மாதம் மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கேசட்டுகளை பிளாஸ்டிக் என்று கிலோ கணக்கில் கேட்டார்கள். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து டி.டி.கே. 90 என்ற தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கியவைதான் முக்கால்வாசி. போகட்டும். ஆனால் அதற்குள் 1979-ல் என் நாத்தனார் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் பதிவு செய்யாத ஊர்க்கோயில் வித்வான். சந்தையில் அதற்கு ஒரு ரூபாய் கிடைக்காது; ஆனால் இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என் போன்றவர்களுக்கு முதலில் வேண்டியது, எது விற்க, எது கொடுக்க, எது தூக்கிப்போட என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள். மார்கழியில் சபாக்கள் கேன்டீனுக்கு ஒதுக்குகிற இடத்தில் ஒரு மேசை போட்டு, விஷயம் தெரிந்த ஒருவரை ஒரே ஒரு நாள் உட்கார வைக்கக்கூடாதா? நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் எந்தச் சபாவாவது செய்தால், அந்தக் கேசட்டோடு முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை-61