எழுதுகிற மகளுக்கு

பாப்பா,

உன் மனச்சோர்வு நாட்களைப் பற்றி நீ எழுதிய புதுக் கட்டுரையைப் படித்தேன். அம்மாவும் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தையெல்லாம் இப்படி வெளியே எழுதலாமா என்று சத்தம் போட்டார். அவள் பட்டதை அவள் எழுதுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மாடி அறை நாட்களில் எழுந்து பல் தேய்ப்பதே உனக்கு எவ்வளவு பெரிய வேலையாக இருந்தது என்பது, பக்கத்திலேயே இருந்த எனக்கே இப்போது படிக்கும்போதுதான் முழுசாகப் புரிகிறது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் கடைசியில், 'மறுபடியும் வார்த்தைகள் கூர்மையாக வருகின்றன' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மந்தமாக்குகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. நீயோ போனை எடுப்பதில்லை, 'வேலை இருக்குப்பா' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. சரியாகத் தூங்குகிறாயா?

கேய் ஜேமிசனைப் பற்றி நீதானே எனக்குச் சொன்னாய். மனம் ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் ஒரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகிற இருமுனைக் கோளாறோடு வாழ்ந்துகொண்டே அதே நோயை ஆராய்ந்தவர், 1995இல் தன் கதையை ஒளிக்காமல் புத்தகமாக எழுதினார். அந்த நோய்க்கான லித்தியம் மாத்திரை எடுத்தபோது அவரால் ஒரு புத்தகத்தைக்கூடச் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. அதனால் நிறுத்திப் பார்த்தார், நோய் திரும்பியது, உயிருக்கே ஆபத்து வந்தது. பல வருஷம் கழித்து அளவைக் குறைத்ததும் படிப்பு திரும்பி வந்தது. குறைத்தார் பாப்பா, விட்டுவிடவில்லை. உனக்கும் மந்தமாக இருந்தால் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை இருக்கிறது, வேறு அளவு இருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும், நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் 6 மாதமாவது போட வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

எழுதாதே என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வதைத்ததை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு பாரம் கூடத்தான் செய்தது, நல்லது மாதங்கள் போகப் போகத்தான் தெரிந்தது. அதனால் எழுதிய அன்று ராத்திரி தனியாக இருக்காதே. யாரையாவது கூப்பிடு, எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடு. அப்புறம் தூங்கு, தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

ஊருக்கே சொல்ல முடிந்ததை அப்பாவிடம் சொல்லக் கூடாதா? மாத்திரை போடுகிறாயா இல்லையா? எந்தப் பதிலாக இருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கே பதில் போடு.

அப்பா